மருத்துவ ஆய்வுக்குப் பின்னால் இருக்கும் அலுவலகம் என்ன செய்கிறது?

மருத்துவமனைகளில் ஆய்வு செய்பவர்கள் மத்தியில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்துவிட்டது, இனி நோயாளிகளைச் சேர்க்க வேண்டியதுதான்." இன்னொன்று, "ஆராய்ச்சி அலுவலகத்தில் ஃபைல் மாட்டிக்கொண்டிருக்கிறது." முதலாவது தவறு. இரண்டாவது பெரும்பாலும் பாதி உண்மை. ஆய்வாளர்களுக்கு நிர்வாக உதவி செய்யும் அலுவலகம் எதைப் பார்க்கிறது, எதைத் தீர்மானிக்கிறது, எதில் தலையிடுவதில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இரண்டு பேச்சும் பிறக்கின்றன.

சிறிய மருத்துவமனையில் இந்த அலுவலகம் ஒரே ஒருவராக இருக்கலாம். பல மருத்துவமனைகளை நடத்தும் பெரிய நிறுவனத்தில் மானியம், ஒப்பந்தம், பட்ஜெட், ஒழுங்குமுறை என்று தனித்தனிப் பிரிவுகளாக இருக்கலாம். செய்ய வேண்டிய வேலை மாறுவதில்லை.

வீடு கட்டுவதை வைத்துப் பார்ப்போம்

வீடு கட்ட வரைபடம் வேண்டும், கட்டட அனுமதி வேண்டும், கடன் வேண்டும், மேஸ்திரியோடு ஒப்பந்தம் வேண்டும். நான்கும் நான்கு இடங்களில் நடக்கும். அனுமதி தருபவர் கடன் தொகை போதுமா என்று கேட்க மாட்டார். கடன் தருபவர் படிக்கட்டின் அகலத்தை அளக்க மாட்டார். வரைபடத்தில் மாடி இருந்து, ஒப்பந்தத்தில் தரைத்தளம் மட்டும் இருந்தால் யாருடைய மேசையிலும் அது தவறாகத் தெரியாது. சுவர் எழும்பிய பிறகுதான் தெரியும். நான்கையும் ஒன்றாக விரித்துவைத்துப் படிக்க ஓர் ஆள் தேவை.

மருத்துவ ஆய்விலும் அப்படி நான்கு ஆவணங்கள் உண்டு.

ஆய்வுத் திட்டம்: யாரைச் சேர்ப்பது, என்ன மருந்து அல்லது சிகிச்சை, எந்த வாரத்தில் எந்தப் பரிசோதனை, முடிவை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்வது. மருத்துவமனைக்குள் புரோட்டோகால் என்றே சொல்வார்கள்.

ஒப்புதல் படிவம்: நோயாளிக்கு என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்கும் ஆவணம்.

பட்ஜெட்: ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு செலவு, அதை யார் தருகிறார்கள் என்ற கணக்கு.

ஒப்பந்தம்: மருத்துவமனைக்கும் ஸ்பான்சருக்கும் இடையிலான சட்ட உடன்பாடு. ஆய்வைத் தொடங்கி நடத்தும் பொறுப்பை ஏற்கும் நிறுவனமோ தனிநபரோதான் ஸ்பான்சர். அது மருந்து நிறுவனமாக இருக்கலாம், பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம்.

இதுவரை சொன்னதன் சாரம்: நான்கு ஆவணங்கள், நான்கு விதமான வாசகர்கள். இவற்றைச் சேர்த்துப் படிப்பதுதான் நிர்வாக உதவி அலுவலகத்தின் மையமான வேலை. படிவம் நிரப்புவதும் கையெழுத்து வாங்குவதும் அதன் வெளித்தோற்றம் மட்டுமே.

நான்கும் ஒன்றையே சொல்கின்றனவா?

ஓர் எடுத்துக்காட்டு. ஆய்வுத் திட்டத்தில் 6 முறை இரத்தம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 10 மி.லி. என்று இருக்கிறது. ஒப்புதல் படிவம் முந்தைய வரைவை வைத்து எழுதப்பட்டதால் "மொத்தம் 50 மி.லி." என்கிறது. பட்ஜெட் போட்டவர் கடைசி இரண்டு பரிசோதனைகளும் வழக்கமான சிகிச்சையில் வருபவை என்று எண்ணி 4 முறைக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருக்கிறார்.

மூன்று ஆவணங்களையும் தனித்தனியாகப் படித்தால் எதிலும் பிழை இல்லை. ஆய்வு தொடங்கியதும் என்ன ஆகும்? ஆறாவது முறை ஊசி குத்தும்போது, நோயாளி சம்மதிக்காத ஒன்று அவர் உடலில் செய்யப்படுகிறது. அதை விதிமீறலாக எழுதி நெறிமுறைக் குழுவுக்கு, அதாவது எத்திக்ஸ் கமிட்டிக்கு, அனுப்ப வேண்டும். ஐந்தாவது, ஆறாவது பரிசோதனைகளின் கட்டணம் ஒன்று மருத்துவமனையின் தலையில் விழும், இல்லையென்றால் நோயாளியின் பில்லில் ஏறும். ஆய்வுக்கு உதவ முன்வந்தவரிடம் ஆய்வுக்கான செலவைக் கேட்பது மிக மோசமான நிலை. அது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. இரண்டு ஆவணங்கள் பொருந்தாததால் நடக்கிறது.

இதைவிடக் கடுமையான பொருத்தமின்மை, பாதிப்புக்கான பொறுப்பில் வரும். "ஆய்வால் உங்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவை ஸ்பான்சர் ஏற்பார்" என்று ஒப்புதல் படிவம் சொல்லும். ஒப்பந்தமோ, "மருந்தால் நேரடியாக ஏற்பட்டது என்று நிரூபணமானால் மட்டும்" என்று சொல்லும். மருந்தால் அல்லாமல் ஆய்வுக்காகச் செய்த பயாப்சியால் (உடலிலிருந்து சிறிது திசு எடுக்கும் பரிசோதனையால்) பாதிப்பு வந்தால்? நோயாளி இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நிற்பார். ஒப்பந்தம் பேசுகிறவர் ஒப்புதல் படிவத்தின் அந்தப் பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும் என்பது இதனால்தான்.

பொருத்திப் பார்க்க ஒரு கருவி உண்டு. ஆய்வுத் திட்டத்தில் நிகழ்வு அட்டவணை என்று ஒரு பக்கம் இருக்கும். இடப்பக்கம் பரிசோதனைகளின் பெயர்கள், மேலே வருகைகள், செய்ய வேண்டிய இடத்தில் ஒரு குறி. அலுவலகம் அந்த அட்டவணையைப் பிரதியெடுத்து, ஒவ்வொரு குறிக்கும் பதிலாக "ஆய்வுச் செலவு" அல்லது "வழக்கமான சிகிச்சை" என்று எழுதிக்கொண்டு போகும். அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்புகளைத்தான் அதிகக் கவனத்தோடு படிக்க வேண்டும். "ஈசிஜி" என்று ஒரு குறி இருக்கும். அடிக்குறிப்பில் "சில நிமிட இடைவெளியில் மூன்று முறை" என்று இருக்கும். கருத்தரிக்கும் வயதுடைய பெண்களுக்கு ஒவ்வொரு வருகையிலும் கர்ப்பப் பரிசோதனை என்று இன்னொன்று. குறியை மட்டும் எண்ணிப் பட்ஜெட் போட்டால் மூன்றில் இரண்டு ஈசிஜிக்குப் பணம் இருக்காது.

யார் எதைத் தீர்மானிக்கிறார்கள்

நெறிமுறைக் குழுவையும் ஆராய்ச்சி அலுவலகத்தையும் ஒன்றாகப் பேசுவது பரவலான குழப்பம். ஆய்வில் சேரும் மனிதர்களின் உரிமையும் பாதுகாப்பும் காக்கப்படுகின்றனவா என்று பரிசீலித்து முடிவு சொல்லும் தனித்த அமைப்பு நெறிமுறைக் குழு. மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளாக உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனம் 1975இல் திருத்தப்பட்டபோது, இப்படி ஒரு சுயேச்சையான குழு வேண்டும் என்பது அதில் சேர்ந்தது. மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச நெறிகள் 1996இல், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பின் வழியாக வந்தன. அவற்றை நற்செயல்முறை நெறிகள் அல்லது ஜிசிபி என்பார்கள். அவற்றின்படி குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அறிவியல் துறைக்கு வெளியே இருப்பவராகவும், ஒருவராவது அந்த மருத்துவமனையைச் சேராதவராகவும் இருக்க வேண்டும். ஆய்வோடு தொடர்புள்ளவர் அந்த ஆய்வைப் பற்றி வாக்களிக்கக் கூடாது.

அலுவலகம் விண்ணப்பத்தைத் தயார்செய்ய உதவும், கேள்விகளுக்குப் பதில் அனுப்ப உதவும். ஆனால் ஒப்புதல் தரும் அதிகாரமோ, குழுவைத் துரிதப்படுத்தும் அதிகாரமோ அதற்குக் கிடையாது. இருக்கவும் கூடாது.

அதேபோல, குழு ஒப்புதல் தந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் பொருள் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பணம் வந்து சேரக் கணக்கு திறந்திருக்க வேண்டும். மருந்தகம், ஆய்வகம், ஸ்கேன் பிரிவு ஆகியவை தங்களால் முடியும் என்று எழுதித் தந்திருக்க வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்றால், அந்தக் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு வார இறுதி நாட்களிலும் எழுதப்படுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் பொறுப்பான மருத்துவரை முதன்மை ஆய்வாளர் என்கிறோம். மருத்துவமனையின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை. நிறுவனம் நியமித்த அதிகாரிக்குத்தான் இருக்கும். அவசரத்தில் ஆய்வாளர் தானே கையெழுத்திட்டு அனுப்பினால், அந்தப் பொறுப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாமல் அவர் மேல் வந்து நிற்கலாம். தரவையோ இரத்த மாதிரியையோ வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பும் உடன்படிக்கைகளுக்கும் இதே விதிதான். மின்னஞ்சலில் வந்த இரண்டு பக்கத் தாளாக இருந்தாலும் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

சாரம்: நெறிமுறைக் குழு மனிதப் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. அதிகாரம் பெற்ற அதிகாரி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் கையெழுத்தை இடுகிறார். முதன்மை ஆய்வாளர் ஆய்வின் தரத்துக்குப் பொறுப்பேற்கிறார். அலுவலகம் இவர்கள் மூவரும் பார்ப்பது ஒரே ஆய்வைத்தான் என்று உறுதிசெய்கிறது.

பட்ஜெட்: பணம் எங்கே கசிகிறது

ஆய்வு பாதியில் நின்றுபோவதற்குக் கணக்கு ஒரு முக்கியமான காரணம். முதல் கேள்வி எளியது: இந்த ஆய்வே இல்லையென்றால் இந்த நோயாளிக்கு இந்தப் பரிசோதனை நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது வழக்கமான சிகிச்சை. இல்லையென்றால் ஆய்வுச் செலவு. வழக்கமாக 12 வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கும் நோயில், ஆய்வு 6 வாரத்துக்கு ஒன்று கேட்டால், ஒன்றுவிட்டு ஒன்று ஆய்வுச் செலவு. ஒரே ஸ்கேனுக்கு ஸ்பான்சரிடமும் காப்பீட்டிலும் பணம் வாங்கிவிட்டால் அது இரட்டை வசூல். தெரியாமல் நடந்தாலும் சட்டச் சிக்கல். அதைத் தடுக்க, ஆய்வில் சேர்ந்த நாளிலேயே நோயாளியின் பதிவில் அடையாளம் இட வேண்டும். பில் வெளியே போகும் முன் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். அடையாளம் இடுவது ஒரு வாரம் தாமதமானால் அந்த வாரத்துப் பில்கள் எல்லாம் தவறான இடத்துக்குப் போகும்.

அடுத்தது ஆள் நேரம். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்பவர் வருகைகளை ஏற்பாடு செய்து, தரவைப் பதிந்து, ஆவணங்களைப் பேணுபவர். 40 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 8 வருகைகள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியோடு இருக்கும் 45 நிமிடத்தை மட்டும் எண்ணினால் 240 மணி நேரம். நினைவூட்டும் தொலைபேசி அழைப்பு, மாதிரியைப் பொதியிட்டு அனுப்புதல், தரவைப் பதிதல், வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுதல் எல்லாம் சேர்த்து வருகைக்கு இரண்டரை மணி நேரம் என்று எண்ணினால் 800 மணி நேரம். முதல் கணக்கில் ஆள் எடுத்தவர்களின் ஆய்வில் ஒருங்கிணைப்பாளர் சில மாதங்களில் வேலையை விட்டுப் போனால் அது அவர் குறை இல்லை.

மூன்றாவது, சேராதவர்களின் செலவு. 40 பேரைச் சேர்க்க 40 பேரை மட்டும் பரிசோதித்தால் போதாது. தகுதி இருக்கிறதா என்று 100 பேரைப் பரிசோதித்திருக்கலாம். மீதி 60 பேரின் இரத்தப் பரிசோதனைக்கும் யாரோ பணம் தர வேண்டும். தகுதிபெறாதவர்களுக்கும் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால், அந்த யாரோ மருத்துவமனைதான்.

நான்காவது, மேல்செலவு. மின்சாரம், கட்டடம், கணக்குப் பிரிவு, இந்த அலுவலகமே கூட, எந்த ஓர் ஆய்வின் பேரிலும் நேரடியாக எழுத முடியாத செலவுகள். அவற்றுக்காக நேரடிச் செலவின் மீது ஒரு விழுக்காடு சேர்ப்பார்கள். கணக்கில் பலர் தடுமாறுவது இங்கேதான். விகிதம் 20 விழுக்காடு, நிதியின் உச்சவரம்பு மொத்தம் 100 பங்கு என்றால், 80 நேரடிச் செலவு, 20 மேல்செலவு என்று எழுதிவிடுவார்கள். 80இல் 20 என்பது 25 விழுக்காடு. சரியான வழி, 100ஐ 1.20ஆல் வகுப்பது: நேரடிச் செலவு 83.33, மேல்செலவு 16.67. இந்த வித்தியாசம் ஆய்வின் கையிலிருந்து போகும் பணம். மேல்செலவை எதன்மேல் கணக்கிடுவது என்பதும் நிதி தருபவருக்கு நிதி தருபவர் மாறும். பெரிய கருவிகளுக்குச் சிலர் தர மாட்டார்கள்.

போதிய நோயாளிகள் இருக்கிறார்களா?

பட்ஜெட்டுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. "எங்கள் பிரிவுக்கு ஆண்டுக்கு 500 பேர் வருகிறார்கள்" என்று மருத்துவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் வயது வரம்பு 300 ஆக்கும். சிறுநீரகக் கோளாறு இருக்கக் கூடாது, குறிப்பிட்ட மருந்து எடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் 120 ஆக்கும். பரிசோதனைக்குக் கூப்பிட்டு வரக்கூடியவர்கள் 60. சம்மதிப்பவர்கள் 30. ஆய்வு தொடங்கியதும் தகுதியான நோயாளிகள் காணாமல் போய்விடுகிறார்கள் என்பதை லசாக்னா விதி என்றே சொல்வார்கள். மருந்தியல் அறிஞர் லூயி லசாக்னாவின் பெயர் அதற்கு வந்தது. அலுவலகம் மின்னணு மருத்துவப் பதிவேட்டில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணித் தர முடியும். மருத்துவரின் மதிப்பீட்டுக்கு முன் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.

பதிவு செய்தல்: தேதி முக்கியம்

மருத்துவச் சோதனை ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் நடக்க வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2004இல் இதை அறிவித்தது. 2005 ஜூலை முதல் தொடங்கும் ஆய்வுகளுக்கு இது நிபந்தனையானது. ஹெல்சிங்கி பிரகடனமும் 2008 முதல் இதைக் கேட்கிறது. முதல் நோயாளி திங்கட்கிழமை சேர்ந்து, பதிவு புதன்கிழமை நடந்தால், இரண்டு ஆண்டு உழைப்பைப் பல முன்னணி இதழ்கள் ஏற்க மறுக்கலாம். பிறகு திருத்திக்கொள்ள முடியாத வெகுசில பிழைகளில் இது ஒன்று.

ஆய்வு நடக்கும்போது

தொடங்கிய பிறகு வரும் சிக்கல்களில் அதிகம் பார்ப்பது பழைய ஒப்புதல் படிவம். திட்டம் திருத்தப்படும், படிவம் புதிய எண்ணும் தேதியும் பெறும், குழு ஒப்புதல் தரும். ஆனால் வார்டு அலமாரியில் பழைய பிரதிகள் பத்து இருக்கும். இரவுப் பணியில் இருப்பவர் அதில் ஒன்றை எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சிடுங்கள். புதியது வந்த அன்றே பழையதை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். கையெழுத்தான படிவங்களை ஒருவர் சரிபார்க்கட்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டுமா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பணிப் பகிர்வுப் பதிவேடு. ஆய்வில் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று முதன்மை ஆய்வாளர் ஒப்படைத்துக் கையெழுத்திடும் பட்டியல். பெயர் அதில் ஏறும் தேதி, அந்த வேலையைச் செய்த தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழும் அப்படியே. ஆய்வைச் சரிபார்க்க வருபவர்கள் முதலில் ஒப்பிடும் தேதிகளில் இவையும் உண்டு.

தீவிரப் பாதக நிகழ்வு என்பது மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர்க்கப்படுதல் அல்லது தங்குவது நீளுதல், நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்று. மருந்துதான் காரணமா என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஆய்வாளர் உடனே ஸ்பான்சருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆய்வுத் திட்டங்கள் 24 மணி நேரம் என்று வரையறுக்கும். மருந்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்படும், முன்பு எதிர்பாராத நிகழ்வு மரணமாகவோ உயிராபத்தாகவோ இருந்தால், ஸ்பான்சர் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், மற்ற தீவிர நிகழ்வுகளுக்கு 15 நாட்கள் என்கின்றன ஐசிஎச் நெறிகள். கடிகாரம் தகவல் தெரிந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். எனவே வார இறுதியில் யாருக்கு அழைப்பது என்ற எண் அலுவலகத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

திட்டத்தில் மாற்றம் வேண்டுமென்றால் குழுவின் ஒப்புதல் வரும் வரை காத்திருப்பதே விதி. நோயாளிக்கு உடனடி ஆபத்தை நீக்க வேண்டியிருந்தால் மட்டும் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடியும் அந்த நான்கு ஆவணங்களையும் திறந்து பார்க்க வேண்டும்.

தரவைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் இங்கே சொல்லலாம். பெயரையும் பதிவு எண்ணையும் நீக்கிவிட்டால் அடையாளம் போய்விட்டது என்பது தவறான நம்பிக்கை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டு மதிப்பிட்டார். வெளியே அனுப்பும் கோப்பில் பிறந்த தேதிக்குப் பதில் வயது போதுமா என்று அலுவலகம் கேட்பது அதனால்தான்.

தாமதம் எங்கே, எதை எடுத்துப்போவது

ஃபைல் மாட்டிக்கொண்டது என்பது பாதி உண்மை என்றோம். நெறிமுறைக் குழு முடிந்த பின் ஒப்பந்தம், ஒப்பந்தம் முடிந்த பின் பட்ஜெட் என்று வரிசையாகப் போனால் காத்திருப்புகள் எல்லாம் கூடிக்கொண்டே போகும். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், அவற்றில் நீளமான ஒன்றின் காலம்தான் மொத்தக் காலம். ஆனால் ஒரே வாரத்தில் தொடங்க, ஆய்வுத் திட்டத்தின் வரைவு நிலைத்திருக்க வேண்டும். மூன்று இடங்களில் மூன்று வரைவுகள் சுற்றினால் முதலில் சொன்ன 50 மி.லி., 60 மி.லி. கதை தொடங்கிவிடும்.

முதல் சந்திப்புக்கு இவை கையில் இருந்தால் நல்லது: பதிப்பு எண் எழுதிய ஆய்வுத் திட்டம், அடிக்குறிப்புகளோடு நிகழ்வு அட்டவணை, நிதி தருபவரின் அறிவிப்பும் கடைசித் தேதியும், ஆய்வில் பங்குபெறும் எல்லோரின் பெயரும் அவர்கள் தரும் நேரத்தின் விழுக்காடும். ஒருவரின் எல்லா ஆய்வுகளையும் கூட்டினால் 100ஐத் தாண்டுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். வெளியே போகும் தரவு, மாதிரிகளின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானிய விண்ணப்பமாக இருந்தால் கடைசித் தேதிக்குப் பல நாட்கள் முன்னதாகவே வாருங்கள். நிறுவனத்தின் கையெழுத்துக்கு உள்ளே ஒரு தனிக் கடைசித் தேதி இருக்கும். அது எந்த நாள் என்பதுதான் அலுவலகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.